மீன் எண்ணெயில் ஓடிய ரயில்

என் வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய முட்டாள்தனத்தை அளந்து பார்த்தால் அரை ஸ்பூன்தான் தேறும். அரை ஸ்பூன் எண்ணெய். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் என் அண்ணி இந்தக் கதையை ஆரம்பித்துவிடுகிறாள். அதுவும் கண் காது மூக்கு எல்லாம் வைத்துச் சொல்கிறாள். நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் பாதி மானமாவது மிஞ்சும் என்றுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பொன்னேரியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பழவேற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ('மீன் புடிக்கிற வூட்டுப் பொண்ணுக்கு இரும்புல இன்னா வேலை?' என்று கேட்காதவர்கள் எங்கள் குப்பத்தில் இரண்டே பேர். ஒருவர் என் நைனா. இன்னொருவருக்குக் காது கேட்காது.)

பஸ்ஸில் போனில் வீடியோ பார்ப்பேன். மற்றவர்கள் சினிமாப் பாட்டு பார்த்தார்கள். நான் எங்கோ குளிர் நாட்டுத் தாத்தாக்கள் தங்கள் தோட்டத்தில் குட்டி ரயில் விடுவதைப் பார்த்தேன். பேட்டரி பொம்மை இல்லை. உள்ளே நிஜமாகவே தீ எரிகிறது, தண்ணீர் கொதிக்கிறது, ஆவி போய் பிஸ்டனைத் தள்ளுகிறது. முதல் வீடியோ முடிவதற்குள் எனக்குக் காதல் வந்துவிட்டது. தாத்தா மேல் இல்லை, எஞ்சின் மேல்.

பட்டறையில் மிச்சம் விழுந்த செப்புக் குழாய், பித்தளைத் துண்டு எல்லாவற்றையும் முதலாளியிடம் கேட்டு வாங்கி, வேலை முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் கடைந்தேன். ஒரு வருடமும் சில மாதங்களும் ஆயின. முழங்கை முதல் விரல் நுனிவரை நீளத்தில் ஒரு எஞ்சின் பிறந்தது. ஸ்பிரிட் விளக்கில் எரியும். தண்ணீருக்கு மட்டும் நவாப் வீட்டுப் பிள்ளை. எங்கள் ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீரை ஊற்றியபோது ஆவிக்குப் பதில் நுரையாகக் கக்கியது. அதனால் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரைப் பாட்டிலில் வாங்கி வந்து கொடுத்தேன். வீட்டில் நாங்கள் எல்லோரும் கேன் தண்ணீர்தான் குடித்தோம்.

வெளிநாட்டில் இதற்குக் கார்டன் ரயில்வே என்று பெயர். அவர்கள் கார்டனில் புல்வெளி, ரோஜாச் செடி, சின்னதாக ஒரு குளம். எங்கள் கார்டனில் மணல், ஒரு முருங்கை மரம், சித்தி காயவைக்கும் கருவாடு. அந்த மணல் திடலின் ஓரமாக, மூன்று விரல் அகலத்துக்கு அலுமினியப் பட்டையில் தண்டவாளம் போட்டு ஒரு முழு வட்டம் சுற்றிக் கொண்டுவந்தேன். நடந்து அளந்தால் ஒரு சுற்று முப்பது தப்படி.

அங்கேதான் வந்தது வினை. அந்தத் திடல் எங்களுடையது மட்டும் இல்லை. பெரியப்பா, நைனா, சித்தப்பா என்று மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் பொது.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை போட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டு என்று ஊர் ஒத்துக்கொண்ட ஆண்களுக்குத்தான் பாடு. எங்கள் வீட்டு ஆண்கள் ஏரியில் பழகிய பழக்கத்தைத் திடலுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருநாள் பெரியப்பா வலை காயவைப்பார், மறுநாள் நைனா, அதற்கு மறுநாள் சித்தப்பா, மறுபடியும் பெரியப்பா. எங்கள் அம்மாவோ பெரியம்மாவோ சித்தியோ அங்கே ஒரு முறம் மிளகாய் காயப்போட வேண்டும் என்றாலும் புருஷனுடைய பாடு வரும்வரை காத்திருக்க வேண்டும். இதில் நான் ஒரு ரயில்வே லைனையே போட்டிருந்தேன், யாரையும் கேட்காமல்.

ஒரு மாதம் ஓடிப்போனது. ஒருநாள் சித்தப்பா வலையைச் சுருட்டி இழுத்தபோது அது தண்டவாள முனையில் மாட்டி ஒரு முழம் கிழிந்தது. அவர் கிழிந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியப்பாவிடம் பஞ்சாயத்துக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்கள்.

"இன்னாம்மா இது? வலை கீஞ்சி பூட்ச்சி. பொம்மை வெச்சி வெளாடற வயசா உனுக்கு?" என்றார் சித்தப்பா.

"பொம்மை இல்ல சித்தப்பா. எஞ்சினு. வெய்ட்டு இஸ்க்கும்."

"இன்னாத்த இஸ்க்கும்? ஈயை இஸ்க்குமா?"

பெரியப்பா கிழிந்த வலையை விரித்துப் பார்த்தார். அவருக்கு நீளமாக, நுனியில் உருண்டையாக ஒரு மூக்கு. யோசிக்கும்போது அதைத் தடவிக்கொண்டே இருப்பார். ஒரு வழியாகத் தீர்ப்பு வந்தது. "நாயித்துக்கெழம நாங்க மூணு பேரும் ஏரியில கீறோம். நீ ரயிலு வுடு. பின்னால நாலு கிலோ ஈயக்குண்டு வெச்சிக்கினு மூணு சுத்து நிக்காம வரணும். கை வெக்கக் கூடாது. படம் புடிச்சி சாயந்தரம் காட்டு. வெட்டறது ஒட்டறது இருந்திச்சின்னா ஒத்துக்க மாட்டேன். ஓடிச்சின்னா லைனு அங்கயே இருக்கட்டும். நின்னுச்சின்னா அன்னிக்கே நீயே புடுங்கிடு."

நைனாவைப் பார்த்தேன். அவர் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர். என் தோளைத் தட்டி, "நின்னுடாம பார்த்துக்கோ கண்ணு," என்றார். அந்தத் தண்டவாளத்தைப் பிடுங்கினால் திரும்பப் போட எனக்கு வேறு இடம் கிடையாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது. எஞ்சின் அலமாரிக்குப் போய்விடும், நானும் 'அந்தப் பொண்ணு கொஞ்ச நாளு என்னமோ பண்ணிக்கினு இருந்துச்சி' என்ற பேச்சோடு முடிந்துவிடுவேன். 

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. காற்று இல்லை. ஸ்பிரிட் ரொப்பினேன், தண்ணீர் ஊற்றினேன், நெட்டு ஒவ்வொன்றையும் இறுக்கினேன். கடைசியாக எண்ணெய். நீராவி எஞ்சினுக்கு என்று தனியாகக் கெட்டி எண்ணெய் உண்டு. தபாலில் வரவழைத்தது. பாட்டிலைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு உள்ளேயே இருந்துவிட்டது.

எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் ஒரு சுற்றில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கடைகள் எல்லாம் மூடியிருந்தன. அப்போதுதான் பெரியப்பா வீட்டு வாசலில் இருந்த டப்பா கண்ணில் பட்டது. அவருடைய பழைய மரப்படகுக்குப் பூசுகிற மீன் எண்ணெய். கெட்டியாக, பழுப்பாக, என் எண்ணெய்க்கு ஒன்றுவிட்ட தம்பி போலவே இருந்தது. அரை ஸ்பூன் எடுத்து ஊற்றினேன்.

ஊற்றிய எண்ணெய் ஆவியோடு கலந்து சிலிண்டருக்குள் போய், வேலையை முடித்துக்கொண்டு, புகைபோக்கி வழியாக வெளியே வரும். இது எனக்குத் தெரியாததில்லை. அந்தக் குழாயை நானே வளைத்தேன். ஆனால் வெளியே வரும்போது அது என்ன வாசனையில் வரும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. வேறு ஊர்க்காரியாக இருந்தால் டப்பாவைத் திறந்ததுமே மூக்கைப் பொத்தியிருப்பாள். பிறந்ததிலிருந்து அந்த வாடையில் வளர்ந்தவளுக்கு அது வாடையாகவே தெரியவில்லை.

படம் பிடிக்கும் பொறுப்பு அண்ணியுடையது, போனும் அவளுடையது. திடலின் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தேன். ரயில் சுற்றச் சுற்ற அவளும் உட்கார்ந்த இடத்திலேயே சுற்ற வேண்டும். திடலில் அன்று சித்தப்பாவின் பாடு. அதனால் மூலையில் சித்தி வாளைக் கருவாடு பரப்பிவிட்டு, கையில் கழியோடு காவல் இருந்தாள். எங்கள் ஊரில் கருவாடு காயவைப்பது வேலை இல்லை. காக்காயையும் பூனையையும் விரட்டுவதுதான் வேலை.

ஆவி ஏறியது. ரெகுலேட்டரைத் திறந்தேன். எஞ்சின் ஒருமுறை தும்மிவிட்டு நகர்ந்தது. பின்னால் ஒரே ஒரு பெட்டி, அதில் நாலு கிலோ ஈயக்குண்டு.

"வணக்கம்! நம்ம கஸ்தூரி செஞ்ச ரயிலு கெளம்பிடுச்சி!" என்று அண்ணி டிவி செய்தி மாதிரி ஆரம்பித்தாள். நான் குனிந்தபடி ரயிலோடு கூடவே நடந்தேன். முதல் சுற்று அப்படியே வெண்ணெய். எனக்குக் கண்ணீர் வந்தது. நான் கடைந்த சக்கரம், நான் போட்ட பாதையில் ஓடுகிறது. அந்த ஒன்றரை நிமிடம் நான் இருந்த சந்தோஷத்தில் பிறகு என் கல்யாணத்தன்றுகூட இருந்ததாக ஞாபகம் இல்லை. (இதை என் வீட்டுக்காரர் படிக்கமாட்டார்.)

இரண்டாவது சுற்று ஆரம்பித்தபோது முதல் பூனை வந்தது.

அடுத்து இரண்டு வந்தன. திரும்பிப் பார்த்தால் ஐந்து. எஞ்சினின் புகைபோக்கியிலிருந்து குப்குப்பென்று வறுத்த மீன் வாசனை திடல் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. கூரை மேல் இருந்த பூனைகள், படகடியில் தூங்கிய பூனைகள், ஊரில் இருக்கிற பழைய டச்சுக்காரன் கல்லறையில் வெயில் காய்கிற பூனைகள் எல்லாம் வாலைத் தூக்கிக்கொண்டு வந்து, ரயிலுக்குப் பின்னால் வரிசை கட்டின. மேலே காக்காய்கள் வட்டம் போட்டன.

"பூனைங்க ஊர்வலம் வருது!" என்றாள் அண்ணி. அவளுக்கு ஏற்கெனவே தலை சுற்ற ஆரம்பித்திருந்தது. குரல் லேசாகக் குழறியது.

"சூ! சூ!" என்று விரட்டினேன். எஞ்சினைத்தான் தொடக்கூடாதே தவிர பூனையைத் தொடலாம். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, துடைப்பத்தோடு ரயிலைச் சுற்றி ஓடினேன். ஒன்றை விரட்டினால் இரண்டு வந்தன. அப்போது பெரியம்மா வளர்க்கிற கடுவன் பூனை, பேர் துரை, ஒரு கைக்குழந்தை கனம் இருக்கும், ஒரே தாவில் ஈயக்குண்டு மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெட்டியில் ஏறியவனைத் தூக்கினால் ரயிலில் கை வைத்ததாகிவிடும். ரயில் தளர்ந்தது. என் வாய் தளரவில்லை.

"எறங்குடா கலீஜ்! பேஜாரு புடிச்சவனே! உன்ன வளத்தவங்களச் சொல்லணும்! மூணு சுத்து வேணுமாம் மூணு சுத்து! கொடமொளகா மூக்க வெச்சிக்கினு தீர்ப்பு சொல்ல வந்துட்டாரு பெரியப்பா! அவரு படகு மோட்டாரு மூணு தபா இஸ்த்தா ஒரு தபா இருமும், அது மூணு சுத்து போவுமா? சித்தப்பாவுக்கு வலை கீஞ்சிப் பூட்ச்சாம்! அது அவுங்க கல்யாணத்தப்பவே கீஞ்ச வலை!"

இதையெல்லாம் நான் சொன்னதே எனக்குத் தெரியாது. என் கண் ரயில் மேல் இருந்தது. முருங்கை மரத்தடியில் பாதை கொஞ்சம் மேடு. மூன்றாவது சுற்றில், துரையைச் சுமந்துகொண்டு, எஞ்சின் அந்த மேட்டில் ஏறத் திணறியது. சுக்... என்றது. வெகு நேரம் கழித்து இன்னொரு சுக். நான் மணலில் மண்டியிட்டு, "போடி, என் தங்கமே, போடி," என்று கெஞ்சினேன். ஒரு அங்குலம். இன்னொரு அங்குலம். மேடு ஏறிவிட்டது. இறக்கத்தில் துரை மீசை பறக்க சவாரி செய்ய, எஞ்சின் மூன்றாவது சுற்றை முடித்தது. அதே நேரத்தில் அண்ணி ஸ்டூலோடு சாய்ந்து விழுந்தாள். விழுந்தும் போனை மட்டும் நேராகப் பிடித்திருந்தாள். அவள் வீராங்கனை.

ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தோம். 'கொடமொளகா மூக்கு' என்ற இடம் வந்ததும் போனைப் பிடுங்கி நிறுத்தினேன்.

"அண்ணி, இத்த மட்டும் வெட்டிடலாம்."

"வெட்னா ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிக்கீறாரே."

"இன்னொரு தபா ஓட்டலாம்."

"ஸ்பிரிட்டு கீதா?"

இல்லை. மூன்று சுற்றுக்கே கொஞ்சமும் மிச்சமில்லாமல் எரிந்திருந்தது. போனை ஏரியில் போட்டுவிடலாம் என்றேன். "போனு என்னுது," என்றாள் அண்ணி. ஆக, லைன் வேண்டும் என்றால் பெரியப்பாவின் மூக்கைப் பற்றி நான் சொன்னதை அவரையே உட்காரவைத்துக் கேட்கவைக்க வேண்டும்.

சாயந்தரம் ஐந்து மணிக்கு மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். என் அண்ணன், விவரம் தெரியாத மகராசன், "போன்ல எதுக்கு, பெரிசாப் பாக்கலாம்," என்று டிவியில் இணைத்துவிட்டான். நான் சத்தத்தைக் குறைத்தேன்.

"சத்தம் வையி. எஞ்சின் சத்தம் கேக்க வேணாவா?" என்றார் சித்தப்பா.

வைத்தேன். முதல் சுற்றில் பெரியப்பா, "ஒண்ணு," என்று விரலை மடக்கினார். நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். பூனைகள் வந்ததும் கூடமே குலுங்கியது. துரை ஏறி உட்கார்ந்தபோது பெரியம்மா, "என் ராசா!" என்று கைதட்டினாள். அடுத்ததாக என் குரல் வந்தது. டிவிக்கு அவ்வளவு நல்ல ஸ்பீக்கர் என்று அன்றுதான் தெரிந்தது.

கொடமொளகா மூக்கு என்றதும் சிரிப்பு நின்றது. மோட்டார் இருமல் என்றதும் நைனா கண்ணை மூடிக்கொண்டார். கல்யாணத்து வலை என்றதும் சித்தப்பா எழுந்தே நின்றுவிட்டார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பெரியப்பாவின் கை தானாக மூக்குக்குப் போனது, பாதியில் நின்று, மடிக்கு இறங்கியது. அதைப் பார்த்த பெரியம்மாவுக்கு அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்க ஆரம்பித்தாள்.

"மூணு," என்றார் பெரியப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூணா இருந்தா இன்னாண்ணா? பேசின பேச்சக் கேட்டியா?" என்று சித்தப்பா எகிறினார். "லைனப் புடுங்கணும். அவ பேசின வாயிக்காவே புடுங்கணும்."

அப்போதுதான் சித்தி, "இரு, இரு, கொஞ்சம் பின்னால போடு," என்றாள். அண்ணன் பின்னால் ஓட்டினான். திரையின் மூலையில், கருவாட்டுக்குப் பக்கத்தில், ஒரு உருவம் கழியைத் தலைக்கு வைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. சித்திதான்.

"அய்யய்யோ, தூங்கிட்டனா? அப்ப கருவாடு?" என்று அவளே பதறினாள். பிறகு நிதானமாக யோசித்தாள். "ஆனா ஒண்ணுகூட கொறையலயே. கூடையில அள்ளும்போது பாத்தனே. ஒரு பூனை வாய் வெக்கல, ஒரு காக்கா எறங்கல."

எல்லோரும் திரையைப் பார்த்தோம். உண்மைதான். ஊரில் உள்ள அத்தனை பூனையும் காக்காயும் ரயிலுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருக்க, கருவாடு பக்கம் ஒரு ஜீவன் இல்லை.

சித்தி புருஷன் பக்கம் திரும்பினாள். "பதினெட்டு வருசமா வெயில்ல குந்திக்கினு சூ சூன்னு கத்தறேன். இன்னிக்குத்தான் கண்ண மூடினேன். அந்த லைனுல கை வெச்சிப் பாரு."

சித்தப்பா உட்கார்ந்தார்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். "சொன்னது சொன்னதுதான். மூணு சுத்து வந்திச்சி, அதுவும் பூனையும் சேத்து. லைனு இருக்கட்டும். ஆனா எல்லார் நாள்லயும் ஓட்டினா வலை எங்க காயும்? அதுக்கும் ஒரு மொறை வேணும். மொதப் பாடு எனுக்கு, ரெண்டாவது தம்பிக்கு, மூணாவது சின்னவனுக்கு, நாலாவது ரயிலுக்கு."

நைனா முதல் முறையாக அண்ணன் பேச்சுக்குக் குறுக்கே பேசினார். "ரயிலுக்குன்னா ஆருக்குண்ணா? ரயிலா வந்து நிக்கப் போவுது? பேரச் சொல்லு."

 பெரியப்பா என்னைப் பார்த்தார். இந்த முறை மூக்கைத் தைரியமாகத் தடவினார்.

"நாலாவது பாடு கஸ்தூரிக்கு," என்றார்.

எங்கள் குடும்பத்தில் பாடு வாங்கிய முதல் பெண் நான்தான். என் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். பெரியப்பா கையமர்த்தி, "மோட்டாரப் பத்திச் சொன்னியே, அது நெசம்தான். நாளைக்கி வந்து பாரு," என்றார். பார்த்தேன். கார்புரேட்டரில் குப்பை.

அந்த வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருடைய போனிலும் இருக்கிறது. சுண்ணாம்புக்குளத்தில் இருக்கிற அத்தை, என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே அதைப் போட்டுக் காட்டினாள். (வந்தவர் இரண்டு முறை பார்த்துவிட்டு, பாய்லரில் எவ்வளவு அழுத்தம் என்று கேட்டார். அவரையே கட்டிக்கொண்டேன்.) டச்சுக் கல்லறை பார்க்க வருகிறவர்களை ஆட்டோக்காரர்கள் அப்படியே எங்கள் திடலுக்கும் அழைத்து வருகிறார்கள். ரயிலுக்கு ஊர் வைத்த பேர் கருவாட்டு எக்ஸ்பிரஸ். நல்ல எண்ணெய் இப்போது வீட்டில் ஏராளம், ஆனால் என் பாடு வரும் நாளில் சித்தி அதை ஊற்றவிடுவதில்லை. மீன் எண்ணெய் டப்பாவை அவளே கொண்டுவந்து வைத்துவிட்டு, கருவாட்டுக்குப் பக்கத்தில் தலையணை போட்டுக்கொள்கிறாள்.

போன மாதம் என் பாடு வந்த நாளில் எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் சித்தப்பா, தோளில் ஈர வலையோடு, திடலுக்குள் கால் வைக்காமல் வெளியே நிற்கிறார்.

"கஸ்தூரி, வலை நனஞ்சிப் பூட்ச்சி. இன்னிக்கி உன் நாளு. ஒரு மூலையில போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோ சித்தப்பா," என்றேன். சித்தப்பா உள்ளே வந்து, குனிந்து, தண்டவாளத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, தன் கையாலேயே வலையை விரித்தார்.